கிழவர்கள் போட்ட புது இசைத்தட்டு!

லண்டன் நகரத்தின் கிழக்கே ஹாக்னி என்று ஒரு பேட்டை இருக்கிறது. அந்தப் பேட்டைக்கென்று தனியாக ஒரு பத்திரிகை உண்டு. "ஹாக்னி கெசட்" என்று பெயர்.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்தப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. உடைந்த கண்ணாடிகளைப் பழுது பார்க்கும் கடையின் விளம்பரம். கடையின் பெயர் "ஹாக்னி டயமண்ட்ஸ்". தொடங்கிய ஆண்டு 1962 என்று போட்டிருந்தது.

பலர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சிலர் மட்டும் உற்றுப் பார்த்தார்கள். விளம்பரத்தின் வாசகத்துக்குள்ளே பழைய பாட்டுகளின் பெயர்கள் ஒளிந்திருந்தன. ஓர் எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி, புள்ளியாக இல்லை. அங்கே ஒரு வாய் இருந்தது. நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வாய்!

அந்த வாயை உலகம் முழுவதும் அறியும். அது "ரோலிங் ஸ்டோன்ஸ்" இசைக் குழுவின் முத்திரை.

கண்ணாடிக் கடை என்று ஒன்று கிடையாது. அந்தக் குழு புதிதாக ஓர் இசைத்தட்டு போடுகிறது என்பதைத்தான் இப்படி வேடிக்கையாகத் தெரிவித்தார்கள். சொந்தப் பாட்டுகளைக் கொண்டு அவர்கள் கடைசியாகத் தட்டுப் போட்டது 2005-ல். நடுவில் 18 ஆண்டுகள் ஓடிவிட்டன.

(இப்போதெல்லாம் இதை "ஆல்பம்" என்கிறார்கள். பாட்டு செல்போனிலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் கறுப்புத் தட்டு விற்பனை நிற்கவில்லை. நாமும் இசைத்தட்டு என்றே சொல்லுவோம்.)

18 ஆண்டு என்பது பெரிய விஷயம் அல்ல. யார் போடுகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

பாடுகிறவர் மிக் ஜாகர். அப்போது அவருக்கு வயது 80. கிதார் வாசிப்பவர் கீத் ரிச்சர்ட்ஸ். வயது 79. இன்னொரு கிதார்க்காரர் ரானி உட். வயது 76. மூவரில் இளையவர் அவர்தான்!

ஜாகருக்கு 2019-ல் இருதய வால்வில் சிகிச்சை நடந்தது. ரானி உட் புற்றுநோயில் விழுந்து எழுந்தவர். ரிச்சர்ட்சின் கைவிரல்களில் மூட்டுவாதம். விரல்கள் முன்பு போல வளைவதில்லை என்றும், அதற்கு ஏற்றபடி வாசிக்கும் முறையை மாற்றிக்கொண்டதாகவும் அவரே சொன்னார்.

இவர்கள் பாடுவது தாலாட்டு அல்ல. "ராக்" பாட்டு! மின்சாரக் கிதார் அலறும். டிரம் இடியாக இடிக்கும். பாடுகிறவர் மேடையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுவார். ஜாகர் 80 வயதிலும் ஓடினார்.

ரெயில் நிலையத்தில் பிறந்த நட்பு

ஜாகரும் ரிச்சர்ட்சும் சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பிறகு பிரிந்துவிட்டார்கள்.

1961-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு நாள் காலை. லண்டனுக்கு அருகே டார்ட்போர்டு ரெயில் நிலையம். ஜாகருக்கு வயது 18. ரிச்சர்ட்சுக்கு 17. இருவரும் தற்செயலாகச் சந்தித்தார்கள். ஜாகர் சில இசைத்தட்டுகளைக் கையில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவை அமெரிக்காவில் நீக்ரோக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் பாட்டுகள். சக் பெர்ரி பாடியது ஒன்று. மட்டி வாட்டர்ஸ் பாடியது ஒன்று. இங்கிலாந்தில் அப்போது அந்தத் தட்டுகள் லேசில் கிடைக்காது.

ரிச்சர்ட்ஸ் தட்டுகளைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். பேச்சு தொடங்கியது. மறு ஆண்டே ஒரு குழு உருவாகிவிட்டது. அந்தக் குழுவுக்கு "ரோலிங் ஸ்டோன்ஸ்" என்று பெயர் வந்தது ஒரு தனிக் கதை. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

1963-ல் சார்லி வாட்ஸ் என்ற டிரம்காரர் வந்து சேர்ந்தார். இந்தக் கட்டுரையில் முக்கியமான மனிதர் அவர்தான். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பேசாத மனிதர்

மற்றவர்கள் ஆடுவார்கள், பாடுவார்கள், பத்திரிகைகளில் அடிபடுவார்கள். சார்லி வாட்ஸ் பின்னால் உட்கார்ந்து தாளம் போடுவார். அவ்வளவுதான். நன்றாக உடுத்துவார். 1964-ல் கலியாணம் செய்துகொண்டார். கடைசிவரை அதே மனைவியுடன் வாழ்ந்தார். ராக் உலகத்தில் இது அதிசயம்!

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்யும்போது, தான் தங்குகிற ஒவ்வொரு ஓட்டலிலும் தன் கட்டிலைப் படமாக வரைவார். பல ஆண்டுகள் இப்படிச் செய்தார். நோட்டு நோட்டாகக் கட்டில் படங்கள்!

நம் ஊர்க் கல்யாணத்தில் நாயனக்காரரை எல்லோரும் பாராட்டுவார்கள். தவில் ஒரு வேளை நின்றுவிட்டால்தான் தவில்காரரின் அருமை தெரியும். சார்லி வாட்சும் அப்படித்தான். இந்தக் குழுவின் அடையாளமே அவர் அடியில்தான் இருக்கிறது என்று ரிச்சர்ட்ஸ் பல முறை சொல்லியிருக்கிறார்.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி சார்லி வாட்ஸ் காலமானார். வயது 80. 58 ஆண்டுகள் அவர் அந்த ஆசனத்தில் இருந்தவர்.

அடுத்த மாதமே அமெரிக்காவில் கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. உடல்நலம் சரியில்லாததால், சார்லி உயிரோடு இருந்தபோதே, ஸ்டீவ் ஜோர்டன் என்பவர் அவருக்குப் பதிலாக வாசிப்பதாக முடிவாகியிருந்தது. அவர் சார்லிக்கும் வேண்டியவர். ரிச்சர்ட்சுடன் பல ஆண்டுகள் வாசித்தவர். செயின்ட் லூயிஸ் நகரத்தில் முதல் கச்சேரி. திரை விலகியதும் மேடையில் ஒருவரும் இல்லை. டிரம் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய திரையில் சார்லியின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கூட்டம் கண் கலங்கியது.

சார்லி இல்லாமல் இனி இது ரோலிங் ஸ்டோன்ஸ்தானா? ரசிகர்கள் நடுவே இந்தக் கேள்வி அன்றே எழுந்துவிட்டது. புது இசைத்தட்டு வந்தபோது அவர்கள் சண்டை போட்டதெல்லாம் உண்மையில் இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

"பிப்ரவரிக்குள் முடி!"

புதுப் பாட்டுகளை ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். முடியவில்லை. சோம்பல்தான் காரணம் என்று ஜாகரே ஒப்புக்கொண்டார். 2022-ல் ஒரு நாள் அவர் ரிச்சர்ட்சிடம் போய், கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கி பிப்ரவரி 14-ந் தேதிக்குள் முடித்துவிட வேண்டும் என்று கெடு வைத்தார். ஏறக்குறைய அப்படியே நடந்தது! 18 ஆண்டில் முடியாதது சில வாரங்களில் முடிந்தது. கெடு வைத்தால் வேலை நடக்கிறது. அச்சாபீசுக்கு எழுதுகிற எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

மேற்பார்வைக்கு ஆண்ட்ரூ வாட் என்ற இளைஞரைப் பிடித்தார்கள். அவரைச் சிபாரிசு செய்தவர் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி. வாட் பிறந்தது 1990-ல். அவர் பிறப்பதற்கு முன்பே ஜாகரும் ரிச்சர்ட்சும் ஏறக்குறைய 30 ஆண்டு பாடி முடித்துவிட்டார்கள்! ஆனால் வாட் இந்தக் குழுவின் பைத்தியம். தினம் ஒரு ரோலிங் ஸ்டோன்ஸ் பனியன் போட்டுக்கொண்டு ஒலிப்பதிவுக்கு வந்தாராம்.

2023 செப்டம்பர் 6-ந் தேதி, ஹாக்னியில் உள்ள "எம்பயர்" நாடகக் கொட்டகையில் மூன்று கிழவர்களும் நிருபர்களைச் சந்தித்தார்கள். அது 1901-ல் கட்டிய கொட்டகை. சார்லி சாப்ளின் நடித்த இடம். "ஹாக்னி டயமண்ட்ஸ்" என்றால் என்ன என்று அங்கே விளக்கினார்கள். சனிக்கிழமை இரவில் யாரோ உங்கள் மோட்டார் காரின் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போய்விடுகிறான். காலையில் பார்த்தால் வீதியெல்லாம் கண்ணாடித் துண்டுகள் பளபளக்கின்றன. அவைதான் ஹாக்னி வைரங்கள்! அந்தப் பேட்டைக்காரர்களின் கேலிப் பேச்சு அது.

அக்டோபர் 20-ந் தேதி இசைத்தட்டு வெளிவந்தது. மொத்தம் 12 பாட்டுகள்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

பெரும்பாலோர் புகழ்ந்தார்கள். லண்டன் பத்திரிகைகள் பல ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தன. 1981-ல் வந்த "டாட்டூ யூ" தட்டுக்குப் பிறகு இதுதான் சிறந்தது என்றார்கள் சிலர். இல்லை, 1978-ல் வந்த "சம் கேர்ள்ஸ்" தட்டுக்குப் பிறகு இதுதான் என்றார்கள் வேறு சிலர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் குழு எப்போது தட்டுப் போட்டாலும் விமர்சகர்கள் இதையேதான் எழுதுவார்கள்! 1994-ல் வந்த தட்டுக்கும் அப்படி எழுதினார்கள். 2005-ல் வந்ததற்கும் எழுதினார்கள். ஆகவே விஷயம் தெரிந்த ரசிகர்கள் அந்த வரியைப் படித்ததும் சிரித்துவிட்டார்கள்.

எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் "பிட்ச்போர்க்" இசை ஏடு பத்துக்கு நாலரை மார்க்குதான் போட்டது. பெயில்! பாட்டுகளில் பளபளப்பு அதிகம், உயிர் குறைவு என்பது இப்படிப்பட்டவர்களின் கட்சி.

ரசிகர்களிடையே சண்டை

ரசிகர்களின் சண்டை இதைவிடச் சூடாக இருந்தது.

முதலில் வந்த "ஆங்கிரி" என்ற பாட்டே சண்டையைக் கிளப்பிவிட்டது. கோபம் என்று அர்த்தம். அதற்கு எடுத்த படத்தில் சிட்னி ஸ்வீனி என்ற இளம் சினிமா நட்சத்திரம் சிவப்புக் காரில் அமெரிக்காவின் சன்செட் வீதியில் போகிறார். வழியெல்லாம் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள். அவற்றில் ஜாகரும் மற்றவர்களும் வாலிபர்களாக இருந்தபோது எடுத்த உருவங்கள் வாயசைத்துப் பாடுகின்றன. "இப்போதைய முகத்தைக் காட்ட வெட்கமா?" என்று பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். "அந்த முகங்களைப் பார்க்கத்தானே நாங்கள் வருகிறோம்" என்றார்கள் மற்றவர்கள்.

ஒலி விஷயத்திலும் புகார். எல்லா வாத்தியமும் ஒரே உரப்பாக இருக்கிறது, சன்னமான இடமே இல்லை, ஜாகரின் குரலை இயந்திரத்தில் போட்டு மெருகு கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். 80 வயதுக் குரல் 80 வயதுக் குரலாகவே இருந்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி. எனக்கும் இதில் பாதி சம்மதம். "ஆங்கிரி" பாட்டைக் கேட்டால், இயந்திரத்தில் அச்சடித்த கோபம் போலத்தான் இருக்கிறது.

மூன்று பாட்டுகளை இயற்றியவர்களின் பெயர் வரிசையில் வாட்டின் பெயரும் இருந்தது. ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு பெயர்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது முள்ளாகக் குத்தியது.

விருந்தாளிகளைப் பற்றியும் இரண்டு கட்சி. ஒரு பாட்டுக்கு மெக்கார்ட்னியே வந்து பேஸ் கிதார் வாசித்தார். இவர் 2021-ல்தான், ரோலிங் ஸ்டோன்ஸ் அடுத்தவர் பாட்டைப் பாடும் குழு என்ற பொருளில் பேசி வம்பில் மாட்டியவர்! இரண்டு பாட்டுகளுக்கு எல்டன் ஜான் பியானோ வாசித்தார். இவ்வளவு பேர் எதற்கு, சந்தைக் கூட்டமா என்று சிலர் கேட்டார்கள்.

ஆனால் ஒரு பாட்டில் மட்டும் சண்டை ஓய்ந்துவிட்டது.

"ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆப் ஹெவன்" என்ற அந்தப் பாட்டு ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. மாதா கோவிலில் பாடுகிற கீதம் மாதிரி மெதுவாகத் தொடங்கும். கண் தெரியாத மேதை ஸ்டீவி ஒண்டர் பியானோ வாசிக்கிறார். 1972-ல் இவர்களுடைய கச்சேரிகளில் முன்னால் பாடிய வாலிபர் அவர். கூடப் பாடுவது லேடி காகா. அவர் பக்கத்து ஒலிப்பதிவு அறையில் வேறு வேலையாக இருந்தாராம். எட்டிப் பார்க்க வந்தவர் தரையில் உட்கார்ந்து கூடவே முணுமுணுத்தாராம். எழுந்து நின்று சரியாகப் பாடு என்று ஜாகர் சொன்னாராம். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் இருவரும் மறுபடி தொடங்குகிறார்கள். ஒருவரை ஒருவர் விரட்டி விரட்டிப் பாடுகிறார்கள். ஜாகரின் குரல் உடைகிற இடத்தில் உடையத்தான் செய்கிறது. அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. குறை சொன்ன விமர்சகர்கள் பலரும் இந்தப் பாட்டை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இறந்தவர் வாசிக்கிறார்!

சார்லி வாட்ஸ் இந்தத் தட்டில் இரண்டு பாட்டுகளில் வாசிக்கிறார். இறப்பதற்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தவை அவை. டிரம் உள்ள மற்றப் பாட்டுகளுக்கு ஜோர்டன் வாசித்தார்.

ரசிகர்கள் தட்டைக் கையில் வாங்கியதும் முதலில் தேடியது அந்த இரண்டைத்தான். ஒன்று "மெஸ் இட் அப்". அது நடனப் பாட்டு. மற்றது "லிவ் பை தி ஸ்வோர்டு". இந்தப் பாட்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. பில் வைமன் என்று ஒரு பழைய உறுப்பினர். 1993-ல் குழுவை விட்டு விலகிப் போனவர். 86 வயதில் அவரை அழைத்து, சார்லியின் டிரம்முக்கு ஏற்றபடி வாசிக்கச் சொன்னார்கள். விலகிப் போனவரும் காலமானவரும் ஒரே பாட்டில் சேர்ந்துவிட்டார்கள்!

இந்த இரண்டு பாட்டுகளிலும் தாளம் சற்றுத் தளர்ந்து ஆடுகிறது, மற்றவற்றில் கடிகாரம் போல் கறாராக விழுகிறது என்று பழைய ரசிகர்கள் அடித்துச் சொன்னார்கள். ஜோர்டன் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. அவர் நன்றாகத்தான் வாசித்திருக்கிறார். ஆனால் அவர் சார்லி அல்ல. அதற்கு அவர் என்ன செய்வார்? 20 வயதில் முதன் முதல் இந்தக் குழுவைக் கேட்டவனுக்கு இப்போது 70 வயது. அவனுடைய வாலிபம் முழுவதிலும் பின்னணியில் கேட்டது சார்லியின் கைதான்.

சார்லி போனபின் எல்லாமே வேறு மாதிரிதான், அவர் இல்லாத குறை இருக்கிறது என்று ரிச்சர்ட்சே நிருபர்களிடம் மறைக்காமல் சொன்னார்.

தட்டு நன்றாக விற்றது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் முதல் இடம். அமெரிக்காவில் மூன்றாவது இடம். 2024-ல் ஏப்ரல் முதல் ஜூலை வரை அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடினார்கள். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு ஆதரவு கொடுத்தது எந்தச் சங்கம் தெரியுமா? 50 வயதைத் தாண்டியவர்களுக்காக நடக்கும் அமெரிக்கச் சங்கம்! ஒரு காலத்தில் பெற்றோர்கள் "அந்தப் பயல்களின் பாட்டைக் கேட்காதே" என்று பிள்ளைகளைத் தடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பேரப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

2025 பிப்ரவரியில் சிறந்த ராக் இசைத்தட்டு என்று "கிராமி" பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசை முதன் முதலாக ஏற்படுத்திய 1995-லும் வாங்கியவர்கள் இவர்களேதான். 30 ஆண்டு இடைவெளி!

பெயர் வந்த கதை

இனி, சொல்லுகிறேன் என்று சொன்ன கதை.

1962-ல் குழு தொடங்கிய புதிது. கச்சேரிக்கு விளம்பரம் கொடுக்க, அப்போதைய தலைவர் பிரையன் ஜோன்ஸ் ஒரு பத்திரிகைக்கு டெலிபோன் செய்தார். "குழுவின் பெயர் என்ன?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். பெயரே வைக்கவில்லை! டெலிபோனில் நேரம் ஓடினால் காசும் ஓடும். கையில் காசு கிடையாது. ஜோன்ஸ் விழித்தார். தரையில் ஓர் இசைத்தட்டு கிடந்தது. மட்டி வாட்டர்சின் தட்டு. அதில் ஒரு பாட்டின் பெயர் கண்ணில் பட்டது. அதையே சொல்லிவிட்டார். இதைச் சொன்னவர் ரிச்சர்ட்ஸ்.

உருளும் கல் என்று பொருள்படும் அந்தப் பாட்டை மட்டி வாட்டர்ஸ் 1950-ல் பாடினார். அவர் மிசிசிப்பி மாகாணத்தில் பருத்திக் காட்டில் வேலை செய்து, பிறகு சிகாகோ நகரத்துக்கு வந்தவர். அவர் பாட்டிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டவர்கள் உலகப் புகழ் பெற்று, கோடி கோடியாகப் பணம் சேர்த்தார்கள். ஆனால் 60 ஆண்டுகளாக அந்தப் பாட்டை மட்டும் அவர்கள் தட்டில் பதிவு செய்யவில்லை.

"ஹாக்னி டயமண்ட்ஸ்" இசைத்தட்டின் 12-வது பாட்டு, அதாவது கடைசிப் பாட்டு, அதுதான்.

அதில் விருந்தாளிகள் இல்லை. மெருகு இல்லை. டார்ட்போர்டு ரெயில் நிலையத்தில் சந்தித்த அந்த இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். ரிச்சர்ட்ஸ் மூட்டுவாதக் கையால் கிதாரை மீட்டுகிறார். ஜாகர் பாடுகிறார், நடுவில் மவுத் ஆர்கன் ஊதுகிறார்.

டிரம் இல்லை.